லா சப்பலில் ஒரு குதிரைப் படம்

கௌபாய்களைத் தமிழ் பேச வைப்பதுதான் என் பிழைப்பு. வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளைக்காரன் வாய் திறக்கும் இடத்தில் திறந்து மூடும் இடத்தில் மூடுகிற மாதிரி வசனம் எழுதுவேன். "துப்பாக்கியைக் கீழே போடு" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டால் தெரியும். ஆனால் குதிரையும் தொப்பியும் புழுதியும் இருந்தும் ஒரு தோட்டாகூட வெடிக்காத படம் என் கைக்கு வந்தது பாரிஸிலிருந்துதான்.

அழைத்தவர் அன்ரன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய பங்குக் கோயிலைச் சேர்ந்த ஈழத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் படத்தைத் தமிழில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அனுமதியெல்லாம் ஃபாதர் வாங்கிவிட்டாராம். நான் வசனம் எழுதிக்கொண்டு போய், அங்குள்ளவர்களையே பேச வைக்க வேண்டும். "சென்னைத் தமிழ் வேண்டாம் அக்கா. எங்கடை சனம் கதைக்கிற மாதிரி இருக்கவேணும்" என்றார் தொலைபேசியில். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பாரிஸ் என்றதும் சரியாகிவிட்டது.

படத்தின் கதை எளிது. ஹன்னா என்ற பெண் ரயிலேறி, மேற்கே புல்வெளிப் பிரதேசத்தில் குடியேறிய தன் அப்பாவிடம் போகிறாள். ரயில் பாதை முடியும் இடத்தில் அவளை அழைத்துப்போகக் குதிரை வண்டியோடு காத்திருக்கிறான் யோசுவா. அவள் அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டது அவனுக்குத் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. வழியெல்லாம் பேசுகிறார்கள், ஜெபிக்கிறார்கள், காதலிக்கிறார்கள். வண்டி போய் நிற்கும் இடத்தில் ஒரு புதிய மரச்சிலுவை நிற்கிறது. அதன்பிறகு அவள் அவனோடு பேசுவதில்லை. அவள் அப்பா கட்ட ஆசைப்பட்ட கோயிலை அவன் தனியாளாகக் கட்டுகிறான். கடைசியில் கோயில் வாசலில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்கிறாள். கல்யாணம். சுபம்.

குரல்களை நான் சென்னையிலிருந்தே தேர்ந்தெடுத்திருந்தேன். பூசையில் வாசகம் வாசிக்கிறவர்களின் குரலைப் பதிந்து அன்ரன் பெயர் போடாமல் அனுப்பியிருந்தார். பெயர் தெரிந்தால் இன்னார் சொந்தக்காரர், இன்னார் ஊர்க்காரர் என்று பேச்சு வருமாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல், இரண்டும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தது போல இருந்தன. உடனே சொல்லிவிட்டேன். "வேறை ஆரையும் பாக்கேல்லையோ?" என்று இழுத்தார் அன்ரன். "இவங்கதான்" என்றேன். என் தேர்வில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை விமான நிலையத்திலிருந்து ஏறிய ரயில் பாதி வழியில் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் அலுத்துக்கொண்டே இறங்கினார்கள், நானும் இறங்கினேன். பேருந்து, மெட்ரோ என்று மாறியதில் என் பெட்டியின் ஒரு சக்கரம் எங்கோ விடைபெற்றுக்கொண்டது. லா சப்பலுக்கு முன்னாலேயே ஸ்டாலின்கிராட் நிறுத்தத்தில் தவறாக இறங்கி, தூண்களின் மேல் ஓடும் மெட்ரோவுக்குக் கீழே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். பாரிஸ் என்றால் சென்ட் வாசனை வரும் என்று நினைத்திருந்த என் மூக்குக்கு முதலில் வந்தது கறிவேப்பிலைத் தாளிப்பு. அப்புறம் வரிசையாகத் தமிழ்ப் பலகைகள். புடவைக் கடை, நகைக் கடை, வாசலில் குவித்து வைத்த முருங்கைக்காய். பசியில் அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அன்ரன் நேராக ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனார். இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. சொதியை முதலில் சூப் என்று நினைத்துக் குடித்துவிட்டேன். பரிமாறிய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். ஊரில் தேங்காய்ப்பாலைக் கண்டால் கொழுப்பு என்று ஓடுகிறவள் நான். இங்கே மூன்றாவது கிண்ணமும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஹன்னா வந்தாள். அதாவது ஹன்னாவுக்குக் குரல் கொடுக்க வேண்டிய ஜெசிந்தா. நாற்பது தாண்டியவர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, சொந்த ஊர் மன்னார். பொபினி என்ற புறநகரில் தங்கையோடு இருப்பதாகச் சொன்னார். அன்ரனின் கடைக்குப் பின்னால் கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பழைய கம்பளம். அதுதான் ஸ்டூடியோ.

டப்பிங்கில் காதலனும் காதலியும் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் ஒருநாள் வந்து தன் வசனத்தைப் பேசிவிட்டுப் போவார். அடுத்தவர் இன்னொரு நாள் வந்து, முதலில் பேசியவரின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே பதில் பேசுவார். உலகத்தில் பல உருகும் காதல் காட்சிகள் இப்படித்தான் ஆளில்லாத அறையில் தனியாகப் பேசப்பட்டவை.

ஜெசிந்தா நன்றாகப் பேசினார். வண்டியில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றி ஆசையாகப் பேசும் இடத்தில் எனக்கே என் வேலை மறந்துபோனது. மரச்சிலுவையைப் பார்த்து அலறும் காட்சியை ஒரே தடவையில் முடித்தார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கடைசிக் காட்சி வந்தது. தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அக்கா, இதை மட்டும் நான் சொல்லமாட்டன்."

"ஏங்க, வசனம் நல்லா இல்லையா?"

"வசனம் நல்லாத்தான் கிடக்கு. எனக்கு வாய் வருகுதில்லை."

ஞாயிற்றுக்கிழமை படம் போட வேண்டும். கதாநாயகி மன்னிக்காவிட்டால் கல்யாணம் ஏது? எனக்குக் கோபம் வரப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை. மெட்ரோ வரை கூட நடக்கிறேன் என்று கிளம்பினேன்.

தூறல். ஸ்டாலின்கிராட் பக்கம் மெட்ரோவின் கீழே நனையாமல் நடந்தோம். மேலே ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனதும் தொடர்ந்தார்.

"போன வருசம் அம்மா மோசம் போனவ அக்கா, மன்னாரிலை. அண்டைக்கு இரவே அவருக்கு போன் வந்திட்டுது. எனக்குச் சொல்லேல்லை. விடிஞ்சால் எனக்கு பிரிஃபெக்சூரிலை கார்ட் எடுக்க ரொன்தேவு."

அவர் என்றது தன் கணவரை. பேச்சு முழுவதும் அவர் பெயரை ஜெசிந்தா ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வதிவிட அட்டைக்காக இரண்டு பேரும் சேர்ந்து அரசு அலுவலகத்துக்குப் போய், குறித்துக் கொடுத்த நேரத்துக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள். மன்னாரில் நடந்த அம்மாவின் அடக்கத்தை அந்த நேரம் நேரலையில் காட்டியிருக்கிறார்கள். உலகம் முழுவதிலுமுள்ள சொந்தங்கள் கைபேசியில் பார்த்து அழுதிருக்கிறார்கள். மகளைத் தவிர.

"கார்ட் கையிலை கிடைச்ச சந்தோசத்திலை நான் அவருக்கு கேக் வாங்கிக் குடுத்தனான். அம்மாவைக் குழியிலை இறக்கேக்கை நான் ரோட்டிலை நிண்டு சிரிச்சுக்கொண்டிருந்தன். அவர் அந்தக் கேக்கைத் திண்டவர் அக்கா."

எங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. தூரத்தில் இருப்பவரிடம் சாவுச் செய்தியை உடனே சொல்ல மாட்டோம். 'சீரியஸ்' என்போம், 'புறப்பட்டு வா' என்போம். பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்போம். அன்பினால் செய்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அவர் கெட்டவர் இல்லை" என்றார், உண்மை தெரிந்த நாளிலிருந்து தங்கை வீட்டில் இருக்கும் ஜெசிந்தா. "ஆனால் எப்ப கேட்டாலும் 'உமக்காகத்தான் மறைச்சனான்' எண்டு சொல்லுறார். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. எனக்காக எண்டால் நானெல்லோ சொல்லவேணும்?"

ஸ்டாலின்கிராட் வந்தது. பொபினி மெட்ரோவுக்குப் படியிறங்கும் முன் திரும்பி, "அந்த வசனத்தை வேறை ஆரையாவது கொண்டு சொல்விக்கேலாதோ அக்கா?" என்று கேட்டார். முடியாது என்று எனக்குத் தெரியும். யோசிக்கிறேன் என்றேன்.

புதன்கிழமை முழுக்க யோசித்தேன். ஈபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அன்ரன் துரத்தினார். போனேன். பெரிதாகத்தான் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து 'மன்னித்துவிட்டேன்' என்பதற்கு வேறு வார்த்தை தேடினேன். திரும்பி வந்து கொத்து ரொட்டி சாப்பிட்டேன். கடைக்காரர் இரண்டு இரும்புத் தகடுகளால் கொத்திய தாளத்தில் ஒரு வசனமும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை யோசுவா வர வேண்டும். வரவில்லை. கூசேன்வில் என்ற புறநகரிலிருந்து வருகிறவர், பாதையில் ஏதோ வேலை நடப்பதால் ரயில் தாமதம் என்று செய்தி வந்தது. நான் இரண்டு மீன் ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் முடித்தபோது, விமான நிலைய வேலையின் பளிச்சிடும் மஞ்சள் ஜாக்கெட்டோடு ஓர் ஆள் ஓடி வந்தார். பிலேந்திரன். ஐம்பது இருக்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தார். பயணிகளின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றும் வேலை என்றார். என் சக்கரம் போன பெட்டியைப் பார்த்து, "இது எங்கடை ஆக்கள் எறிஞ்சது இல்லை, அக்கா" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினார். படம் ஓடியது. ரயிலிலிருந்து ஹன்னா இறங்கி, "அப்பா வரேல்லையோ?" என்று கேட்கிறாள். யோசுவா பதில் சொல்ல வேண்டும். பிலேந்திரன் சொல்லவில்லை. இரண்டாம் முறை போட்டோம். அப்போதும் சொல்லவில்லை. காதிலிருந்ததைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முறை அவரே கேட்டார், "திருப்பி ஒருக்காப் போடுங்கோ" என்று. பேசுவதற்காக இல்லை, கேட்பதற்காக.

"இது ஜெசிந்தா" என்றார்.

நான் அன்ரனைப் பார்த்தேன். அவர் கணினித் திரைக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்.

"இவர் ஜெசிந்தாவோட வீட்டுக்காரரா?" என்றேன்.

"ஓம் அக்கா. அவ அவற்றை மனிசிதான்" என்றார் அன்ரன்.

வெளியே இழுத்துக்கொண்டு போய் அன்ரனை ஒரு பிடி பிடித்தேன். "தெரிஞ்சே சொல்லாம இருந்தீங்களா? ரெண்டு பேர்கிட்டயும்? என்கிட்டயும்?"

"சொன்னால் ரெண்டு பேரும் வரமாட்டினம். நல்லதுக்குத்தானே அக்கா மறைச்சனான்" என்றார் பாவமாக.

நல்லதுக்கு! தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு படமே எடுத்துக் காட்டினாலும் இந்த வழக்கம் நம்மைவிட்டுப் போகாது போலிருக்கிறது.

உள்ளே வந்தபோது பிலேந்திரன் கிளம்பிப் போயிருப்பார் என்று பயந்தேன். தாள்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். "இஞ்சை வரைக்கும் வந்திட்டன். கதைச்சிட்டே போறன்" என்றார். பிற்பகல் முழுவதும் மனைவியின் குரலுக்குப் பதில் சொன்னார். வண்டியில் போகும் காட்சிகளில் அவர் குரலில் இருந்த குழைவை நான் எழுதவில்லை. ஆறு கடக்கும் இடத்தில் ஹன்னா சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது இவரும் சிரித்தார். யோசுவா திரையில் சிரிக்கவில்லை.

கோயில் வாசல் காட்சி வந்தது. என் வசனம் அழகாகத்தான் இருந்தது. 'உன் மனம் நொறுங்கிவிடக் கூடாதென்றுதான் மறைத்தேன், ஆண்டவர் முன் தலைகுனிகிறேன்' என்று. பிலேந்திரன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"உமக்காக எண்டு சொன்னது பொய். எனக்குப் பயம். நீர் அழுறதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை. அதாலைதான் சொல்லேல்லை. என்ரை பயத்தாலை உம்மடை அம்மாவின்ரை முகத்தை நீர் பாக்காமல் போச்சுது."

வாயசைவு எங்கும் பொருந்தவில்லை. யோசுவா வாய் மூடிய பிறகும் பிலேந்திரன் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் இறந்தது அப்பா, இவர் சொன்னது அம்மா. இத்தனை வருடத்தில் வாயசைவு தப்பிய ஒரு வசனத்தையும் நான் விட்டதில்லை. "ஓகே" என்றேன்.

போகும்போது வாசலில் நின்று, "அவ இந்தக் கடைசி இடத்திலை என்ன சொன்னவ?" என்று கேட்டார்.

"இன்னும் பேசலீங்க."

தலையாட்டிவிட்டு, மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனார். ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன்.

சனிக்கிழமை ஜெசிந்தா வந்ததும் அன்ரன் என்னைப் பார்த்தார். சொல்லாமல் காதில் மாட்டிவிடலாம் என்று அவர் கண் சொன்னது. சொன்னால் இவர் எழுந்து போய்விடலாம், படம் நின்றுவிடலாம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"ஜெசிந்தா, யோசுவாவுக்குப் பேசினது உங்க வீட்டுக்காரர். எனக்கும் முந்தாநாள்தான் தெரியும். கடைசி இடத்துல நான் எழுதினதை விட்டுட்டு அவரே பேசியிருக்கார். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம். படத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க."

அவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். வெளியே தெருவில் யாரோ கறிவேப்பிலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு "போடுங்கோ" என்றார்.

ஒருமுறை கேட்டார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

"பயம் எண்டு இண்டைக்குத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சிட்டன் எண்டு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சொல்லுறேல்லை அக்கா. அது கோயில் கதை. நாங்கள் கோவம் தீந்தால் கேக்கிறதை நான் கேக்கட்டோ?"

அந்த இடத்தில் ஹன்னா கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முதுகுக்கு வாயசைவு கிடையாது. டப்பிங் எழுதுகிறவர்களுக்கு முதுகு ஒரு வரப்பிரசாதம். "என்ன வேணா கேளுங்க" என்றேன். ஒரே தடவையில் கேட்டார். அன்ரன் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். என்ன கேட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் படம். சாப்பாடு படம் முடிந்த பிறகுதான் என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்னால் கொடுத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்களாம். பின்சுவரோரம் பெரிய சட்டிகளில் சோறும் இறைச்சிக் கறியும் மூடியிருந்தன. வாசனைக்கு மூடி கிடையாது. ஜெசிந்தா முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிலேந்திரன் கடைசியில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

தொப்பி வைத்த வெள்ளைக்காரன் "ஓம், இஞ்சை ஏறுங்கோ" என்று வண்டியைக் காட்டியதும் மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் அம்மாவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார். "இந்த ஆள் ஏன் அப்பா மாதிரிக் கதைக்கிறார்?" சிலுவைக் காட்சி வரும்போது சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் கைபேசியில் அடக்கம் பார்த்து அழாத ஆள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

கோயில் வாசல். யோசுவா பேசினான். அப்பா போய் அம்மா வந்ததை ஒருவரும் தவறென்று சொல்லவில்லை. வாயசைவையும் யாரும் பார்க்கவில்லை. நான் திரும்பியபோது சில பெண்கள் ஜெசிந்தாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கதை தெரியும்.

ஹன்னா திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். காற்றில் அவள் சால்வை ஆடியது.

"இஞ்சேருங்கோ, சாப்பிட்டீங்களோ?"

அதற்கு யோசுவாவுக்கு வசனம் கிடையாது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். நின்றான். இருட்டில், கடைசி வரிசையிலிருந்து, அதே குரல் சொன்னது.

"இல்லை. இன்னும் சாப்பிடேல்லை."

ஜெசிந்தா எழுந்தார். குனிந்து, திரையை மறைக்காமல், ஓரமாகவே நடந்து பின்சுவர் வரை போனார். ஒரு சட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு படத்தில் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கோயில் மணி அடித்ததும் யாரோ ஓவென்று ஆர்ப்பரித்ததும் காதில் விழுந்தன. நான் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, மடியில் காகிதத் தட்டோடு தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரையும், பக்கத்தில் நின்றுகொண்டு "கறி காணுமோ, இன்னும் போடட்டோ?" என்று மெதுவாகக் கேட்ட பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.